லூர்தம்மாள் அத்தை மாற்றிய காலைச் சாப்பாடு

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா அடைக்குப் பாசிப்பயறு அரைத்துக்கொண்டிருந்தபோது லூர்தம்மாள் அத்தையின் மகன் வாசலில் வந்து நின்றார். சர்ச் பூசைக்குக் கிளம்பிய அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அம்மா மாவுக் கையோடு அப்படியே நின்றார். நான்தான் மிக்சியை நிறுத்தினேன்.

அத்தை எங்களுக்கு ரத்த உறவு இல்லை. அனுமந்தன்பட்டியிலிருந்து கம்பம்மெட்டு மலை ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் அம்மாவோடு வேலைக்குப் போனவர். அந்த வண்டியில் போகும் பெண்களில் மூத்தவர். அவரைத் தெரிந்தவர்கள் அவருடைய பெரிய சிரிப்பைப் பற்றிச் சொல்வார்கள். தெரியாதவர்களுக்காகவும், தெரிந்ததாக நினைப்பவர்களுக்காகவும் நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் அம்மாவுக்கும் அத்தைக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவுத் தாள்களை நான்தான் படித்துச் சொன்னேன். அத்தைக்குச் சர்க்கரை சரியாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை. முகாமில் இருந்த நர்ஸ், "இது இன்னும் சர்க்கரை வியாதி ஆகலக்கா. அதுக்கு முந்தின படி. சாப்பாட்ட மாத்துனீகன்னா இங்கனயே நிறுத்தப் பாக்கலாம். மொதல்ல காலைச் சாப்பாட்ட மாத்துங்க" என்றார். அரிசி, மைதா, சீனியைக் குறைத்து, பயறு, முட்டை, கீரையைக் கூட்டச் சொன்னார். சில மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்றார்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் தோட்டத்தில் காலைச் சாப்பாடு என்பது ஒருவருடைய சாப்பாடு அல்ல. ஒன்பது மணிக்கு ஒரு சாக்கை விரித்து, எல்லாத் தூக்குவாளிகளையும் நடுவில் திறந்து வைப்பார்கள். புளிச்சோறு, பூரி, முந்தின நாள் புரோட்டா, டீயோடு பன். ஒருத்தி நீட்டுவதை இன்னொருத்தி மறுத்தால், "சோத்தப் பிரிச்சுட்டா" என்று நாலு நாள் பேச்சு நின்றுவிடும். காரணத்தைச் சொல்லவும் அம்மாவுக்குப் பயம். முன்பு சர்க்கரை உள்ள ஒரு பெண் சரிவில் மயங்கி விழுந்தபிறகு, ஆள் கூட்டிப்போகும் கங்காணி அவரை ஜீப்பில் ஏற்றவே இல்லை. எங்கள் வீடு அம்மாவின் கூலியில் ஓடுகிறது.

அம்மா அத்தையிடம் மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நீ வாயத் தெறக்காதத்தா. எனக்குத்தான் சுகர் வரப்போகுதுன்னு நான் சொல்லிக்கிர்றேன்."

"எதுக்குக்கா ஒங்களுக்கு இந்தப் பொய்?"

"என்னைய எறக்கிவிட அந்தக் கங்காணிக்குத் தைரியம் கெடையாது. நான் எறங்குனா ஏழு பேரும் எறங்கிருவாளுக."

காலாண்டு விடுமுறையில் ஒருநாள் நானும் தோட்டத்துக்குப் போனேன். சாக்கின் நடுவில் முருங்கைக்கீரை போட்ட பயறு அடை, தட்டைப்பயறுச் சுண்டல், அவித்த முட்டை, கேப்பைப் புட்டு எல்லாம் இருந்தன. தனக்குச் சுகர் வரப்போகிறது என்று சொல்லி, யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று அத்தை ஆளுக்கொரு முறை வைத்திருந்தார். ஜீப்பில் வரும் பாண்டியம்மாள் அக்கா புட்டைக் குவியலாக அள்ளினார்.

"ஏத்தா, கேப்பைன்னா அளவு இல்லையா? அதுவும் மாவுதான். ஒரு கை புட்டு எடு, ரெண்டு கை சுண்டல் எடு."

"வியாதி ஒங்களுக்கு, பத்தியம் எங்களுக்கா? சுகர்காரி பக்கத்துல உக்காந்தா எறும்புதான் மொய்க்கும்!"

"மொய்க்கட்டும்டி. என் காய் மூட்டையத் தூக்க ஆள் ஆச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் தலையைக் குனிந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

அத்தை மூன்று கரண்டி சீனி போட்டு டீ குடிப்பவர். அன்று பாலும் சீனியும் இல்லாத கட்டன் சாயாவைக் கஷாயம் போல விழுங்கினார். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் வீட்டில் அவருக்கு இனிப்பாக டீ போட்டுக் கொடுத்தார். "இங்கன யாரு பாக்கப் போறா? குடிங்கக்கா."

அத்தை டம்ளரை நகர்த்தி வைத்தார். "வேணாம்த்தா. இங்கன குடிச்சா நாளைக்கு அங்கன மூஞ்சி காட்டிக் குடுத்துரும்."

மறுபரிசோதனையில் அம்மாவின் அளவு இறங்கியிருந்தது. முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் இறங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அத்தை அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்காக" என்றார். எங்கள் அம்மாவின் சர்க்கரையை இத்தனை பேர் பார்த்துக்கொண்டோம். அத்தையின் நெஞ்சை யாரும் பார்க்கவில்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டியின் தலைமாட்டில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. ஜீப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியம்மாள் அக்கா அழுதுகொண்டே, "எம்புட்டுப் பத்தியமா இருந்தாக! கடைசியில அந்தச் சுகர்தான் கொண்டுபோயிருச்சு" என்றார். பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பந்தல் காலைப் பிடித்தபடி கங்காணியும் நின்றார்.

அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தார். அதை விட்டுவிட்டு எழுந்தார்.

"அவுகளுக்குச் சுகரே கெடையாது. எனக்குத்தான். எனக்காக அவுக பழிய ஏத்துக்கிட்டாக."

பாண்டியம்மாள் அக்கா, "அடிப் பாவி, எங்கிட்டச் சொல்லியிருந்தா அவுகளச் சுகர்காரின்னு கேலி பேசியிருப்பனா?" என்று அம்மாவின் தோளில் ஓங்கி அடித்தார். அடித்த கையாலேயே கட்டிக்கொண்டார். கங்காணி பந்தலை விட்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா போன் செய்து கேட்கவும் இல்லை. புதன்கிழமை விடியலில் ஜீப் எங்கள் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. கங்காணி முன்சீட்டில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் ஆறு பெண்களும் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டியம்மாள் அக்கா ஒதுங்கி இடம் விட்டு, "ஏறுத்தா" என்றார். அம்மா ஏறினார்.

போய் வாருங்கள், அத்தை. உங்கள் பெயரில் இருந்த அந்த நோயை அம்மா எல்லோர் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொண்டார்.