ஒருநாள் பாஸ் செங்கோட்டையன்

பாஸ் கைக்கு வந்ததும் முதலில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார் செங்கோட்டையன். தேதி சரியா, அச்சு தெளிவா, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் புரட்டுவார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, பாஸை அதற்குள் செருகுவார். லாரி பர்மிட்டின் நகலை வைத்துப் பழகிய உறை அது. இவ்வளவும் பெங்களூர் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில், படியில் கூட்டம் முண்டியடிக்கும்போது நடக்கும். பின்னால் நிற்பவர்கள் கன்னடத்தில் திட்டுவது அவருக்கு நன்றாகவே புரியும். லாரி ஓட்டிய காலத்தில் அவர் முதலில் கற்றுக்கொண்ட கன்னடமே அந்த வகைதான்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து பெங்களூர் போகிறவர்கள் ரயிலுக்கு டிக்கெட் போடும் முன் இவரிடம் வந்து நிற்பார்கள். நிற்காதவர்களை இவரே டீக்கடையில் பிடித்து நிறுத்துவார். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்கமாட்டார். "எத்தன எடத்துல எறங்கோணும்?" என்பதுதான் கேள்வி.

"ஒரெடம்னா டிக்கெட்டே போதுமுங்க. ஏறி எறங்கி ஏறி எறங்கிப் போறதுன்னா ஒருநாள் பாஸ். அது நேஷனல் பர்மிட்டாட்டங்க, எவங்கிட்டயும் வாயத் தொறக்க வேண்டியதில்ல. ஏசி வண்டில மட்டும் ஏறிப்போடாதீங்க, செல்லாது." மெட்ரோ என்று யாராவது ஆரம்பித்தால் முகம் சுளிப்பார். "டிராஃபிக்ல மாட்டுனா அத ஒரு சந்துல திருப்ப முடியுமுங்களா?" மெட்ரோவுக்கு ஏது டிராஃபிக் என்று திருப்பிக் கேட்டால், மழை வருமா வராதா என்று பேச்சு போய்விடும்.

அவர் அகராதியில் மிக மோசமான சொல் 'எம்ட்டி'. சரக்கேற்றிக்கொண்டு போன லாரி வெறும் வண்டியாகத் திரும்புவதுதான் எம்ட்டி. இப்போதும் சொந்தமாக ஒரு லாரி வைத்திருக்கிறவர் என்பதால் அந்தப் பயம் விடவில்லை. பாஸ் எடுத்த நாளில் பூங்காவில் சற்று உட்கார்ந்தாலும் பாஸ் எம்ட்டி ஓடுவதாகத்தான் அவருக்குத் தோன்றும். அதனால் காலையில் ஏறினால் பொழுது சாய்கிற வரை பெங்களூரைச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

மாதம் தவறாமல் போகிறார். கேட்டால் லாரிக்கு ஸ்பேர் பார்க்க என்பார். ஆணியிலிருந்து ஆக்சில் வரை அத்தனையும் கிடைக்கிற நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பேருக்காகப் பெங்களூர் போகிறவர் இந்த வட்டாரத்திலேயே இவர் ஒருவர்தான். உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். ஒரே மகள் கனிஷ்கா அங்கே ஜெயநகர் பக்கம் இருக்கிறாள். கூட வேலை பார்த்த சேலத்துக் கிறிஸ்தவப் பையன் ஜெரால்டை அவள் கட்டிக்கொண்ட அன்று, "அவ ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று கடைவீதியில் நின்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மீறாதவர். வாசற்படியை இன்றுவரை மிதிக்கவில்லை. அந்த வாசல் வழியாகப் போகிற பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார், அவ்வளவுதான். பேருந்துப் படியைப் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லையே.

அவர் மனைவி சென்னியம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. புறப்படும்போது ஒரு பையை நீட்டுவார். கச்சாயம், தட்டுவடை, கொஞ்சம் மஞ்சள்தூள், மேலே தலை நீட்டிக்கொண்டு முருங்கைக்காய். "அங்க நம்மூருக்காரங்க ஆராச்சும் இருந்தா குடுத்துப்போட்டு வாங்க" என்பார். யாரென்று சொல்லமாட்டார், இவரும் கேட்கமாட்டார். ராத்திரி பை அப்படியே திரும்பி வரும். மறுநாள் அந்த வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு. எம்ட்டிக்குப் பயந்தவர் ஏற்றிய லோடை இறக்காமலே திருப்பிக்கொண்டு வருகிறாரே என்று டீக்கடையில் சிரிப்பார்கள், அவர் போன பிறகு.

என் தம்பி மகன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க நானும் ஒருமுறை அவரோடு போனேன். பாஸுக்குக் கண்டக்டர் ஏதாவது அடையாள அட்டை கேட்டார். நான் ஆதாரைக் காட்டினேன். செங்கோட்டையன் தன்னுடைய ஹெவி லைசென்ஸை எடுத்து நீட்டி, கண்டக்டர் அதை மரியாதையாகப் பார்க்கிறாரா என்று கவனித்தார். கண்டக்டர் எண்ணை மட்டும் பார்த்தார். பத்திரிகைகளைக் கொடுத்து முடிக்கும்வரை மனிதர் வழிகாட்டியாகப் பிரமாதமாக இருந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கே இறங்கி எதில் ஏற வேண்டும் என்பதில் ஒரு பிசகு இல்லை.

அதற்குப் பிறகு ஜெயநகர் வண்டி. சன்னலோரம் அவர், பக்கத்து இருக்கையில் பை, எனக்குப் பின் இருக்கை. பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்ன கண்டக்டரிடம், "லோடு மேல கைய வெக்காதீங்க. எறக்கற எடம் வந்தா நானே எறக்கிக்குவன்" என்றார். ஒரு பேக்கரி நிறுத்தம் வந்தது. எதிரே மஞ்சள் பெயின்ட் அடித்த அடுக்குமாடி. கழுத்தை நீட்டி, மாடியில் காயும் துணிகளைப் பார்த்தார். வண்டி கிளம்பியது.

"எறங்கலாமாங்க?" என்றேன்.

"பாஸ் இன்னும் தீரலீங்க."

"பாஸ் எங்கீங்க தீருது? நாளுதான் தீருது."

கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்பி, மறுபடி அதே துணிகளைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள், இந்த மனிதர் அவள் வீட்டுத் துணியைப் பார்த்துக்கொண்டு போகிறார். பின் இருக்கையிலிருந்தபடியே சென்னியம்மாளுக்குப் போன் போட்டு, வண்டி எண்ணையும் நாங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் சொன்னேன். இதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை. இது அச்சாகிற இதழில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

விளக்கு போடுகிற நேரத்தில் மறுபடியும் பேக்கரி நிறுத்தம். முன்படியில் கனிஷ்கா ஏறினாள். வீட்டில் உடுத்தியிருந்த துணியோடு, தலையைக்கூடச் சீவாமல் ஓடி வந்திருந்தாள். கண்டக்டரிடம் ஒருநாள் பாஸ் கேட்டாள்.

"உங்களுக்குத்தான் இந்த வண்டியில டிக்கெட்டே வேணாமே மேடம். அதுவும் இந்த நேரத்துல ஒருநாள் பாஸா?" என்று கண்டக்டர் தமிழிலேயே சிரித்தார். உள்ளூர் முகவரி உள்ள பெண்களுக்கு அங்கே சாதாரணப் பேருந்து இலவசம்.

"பரவால்லீங்க, குடுங்க" என்று வாங்கி, அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து எங்கள் இருக்கை அருகே நின்றாள்.

செங்கோட்டையன் சன்னலை விட்டுத் திரும்பவில்லை. பேக்கரி எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது.

"எத்தன எடத்துல எறங்கோணும்?" என்று சன்னலிடம் கேட்டார்.

"ஒரே எடந்தானுங்கப்பா."

"ஒரெடத்துக்கு எதுக்கு அம்முணி பாஸு? டிக்கெட்டே போதுமே."

"நீங்க எப்ப எறங்குவீங்கன்னு தெரியலீங்களே. அதுவரைக்கும் கூடவே வாரனுங்க."

வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அவள் நின்றபடியே தள்ளாடினாள். செங்கோட்டையன் வெளியே பார்த்தபடியே கையை நீட்டி, பக்கத்து இருக்கையிலிருந்த பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.