காலனி பஸ்ஸில் எத்தனை பேர்

மேரிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அதற்கப்புறம் அவளை யாரும் தடுக்க முடியாது என்பது உத்திரமேரூர் பக்கத்து அந்தக் காலனிக்கே தெரியும். காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. ஏழரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். காலை ஆறு பத்துக்குக் காலனிக்குள் வந்து திரும்பும் டவுன் பஸ்ஸை நம்பித்தான் அவள் பிழைப்பு. அவள் மட்டுமா? கட்டட வேலைக்கு, கம்பெனிக்கு, களையெடுக்க என்று நாற்பது பொம்பளைகள் அதில்தான் நசுங்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்த பஸ்ஸைத்தான் ஒண்ணாந்தேதியிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்றார் கண்டக்டர் புருஷோத்தமன். மெயின் ரோட்டோடு திரும்பிவிடுமாம். அங்கே போக நாலு கிலோமீட்டர் நடக்கவேண்டும். பக்கத்து ஊரில் இப்படி நிறுத்தியபோது ஆம்பிளைகள் தவணையில் பைக் வாங்கிக்கொண்டார்கள். புகை ஊருக்கு, நடை பொம்பளைகளுக்கு என்று ஆயிற்று.

மேரி முந்தானையைச் செருகினாள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று பச்சையம்மாளையும் இழுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனாள். பச்சையம்மாள் களையெடுக்கப் போகிறவள். குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிற பிறவி.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க காலனியில தினமும் மூணு பேர்தாம்மா ஏர்றாங்க. மூணு பேருக்காக ஒரு வண்டிய உள்ள அனுப்ப முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"மூணு பேரா? கால் வெக்க எடமில்லாம நின்னுக்கினு போறோம் சார்!"

"டிக்கெட் கணக்கு அப்படித்தான் சொல்லுது."

மேரி அவர் மேஜைமேல் இருந்த காகிதத்தையே பார்த்தாள். மூணு, மூணு, மூணு. சட்டென்று அந்த மூன்று பேர் யாரென்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. பால் சொசைட்டி ஏகாம்பரம், வாட்ச்மேன் வேதகிரி, மெக்கானிக் ஆல்வின். மூன்று பேரும் ஆம்பிளைகள், காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர்கள்.

பொம்பளைகளுக்குப் பயணம் இலவசம்தான். ஆனாலும் ஆளுக்கு ஒரு டிக்கெட் உண்டு, காசில்லாத டிக்கெட். அதை அடித்துக் கொடுத்தால்தான் ஆள் ஏறியதாகக் கணக்கில் வரும். புருஷோத்தமன் நல்ல மனுஷன். "உக்காரும்மா, உனக்கு எதுக்கு டிக்கெட்டு" என்று விட்டுவிடுவார். இவர்களும் அதைப் பெரிய தயவாக நினைத்துத் தலையாட்டிக்கொண்டு போனார்கள். நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று மேரி நொந்துகொண்டாள். யாரைத் திட்டுவது? அவளும்தானே வாங்கவில்லை.

"பதினஞ்சு நாள் குடு சார். அப்புறம் நீயே வந்து எண்ணிப் பாரு."

மேலாளர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் காலையில் பஸ் படியை மறித்துக்கொண்டு நின்றாள் மேரி.

"எல்லாருக்கும் டிக்கெட்டு குடுண்ணா."

"ஃப்ரீதானேம்மா?"

"ஃப்ரீயோ காசோ, அடிச்சிக் குடு. அப்பதான் வண்டி நவுரும்."

நாற்பது டிக்கெட் அடித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. டிரைவர் ஹாரனை அழுத்தினார். "இன்னா பேஜாரு இது" என்றார் ஏகாம்பரம். ஏறின பொம்பளைகளே முணுமுணுத்தார்கள்.

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கலாமா மேரி?" என்றாள் பச்சையம்மாள். "சும்மா ஏத்திக்கினு போறாங்க. டிக்கெட்டு வேற கேக்க வெக்கமா கீது."

"யாரு தானம் குடுத்தது? நீ வாங்கற சோப்புல வரி போவுது. டிக்கெட்டு இல்லன்னா நீ இந்த பஸ்ஸுலியே இல்லக்கா. வூட்ல படுத்துக்கினு கீறேன்னு எழுதிக்குவாங்க."

பச்சையம்மாள் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அந்த வாரம் இரண்டு நாள் லேட். இன்னொரு நாள் லேட்டாக வந்தால் வேலை இல்லை என்றார் சூப்பர்வைசர். மேரி பயந்தாள், ஆனால் விடவில்லை. டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பும் நேரத்திலேயே கீழே வரிசை கட்டி டிக்கெட் வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு செய்தாள். புருஷோத்தமனும் இறங்கி நின்று அடித்துக் கொடுத்தார். லேட்டும் நின்றது, முணுமுணுப்பும் அடங்கியது.

பதினைந்தாம் நாள், சொன்னபடி மேலாளரே காலனிக்கு வந்து பஸ்ஸில் ஏறினார்.

"எத்தனை பேருப்பா?"

புருஷோத்தமன் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார்.

"மூணு பேரு சார். மிச்சம் லேடீஸ்."

மேரி முந்தானையைச் செருகினாள்.

"லேடீஸும் ஆளுதான் சார். எண்ணு."

மேலாளர் இடித்துப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வரைக்கும் போனார். ஒவ்வொரு பொம்பளையும் டிக்கெட்டை நீட்டினாள். எண்ணிக்கொண்டே திரும்பி வந்து கையிலிருந்த தாளில் எழுதினார்.

"லேடீஸ் மட்டும் நாப்பத்தொண்ணு. போதும்மா. இந்த பஸ்ஸை நிறுத்த மாட்டோம், எப்பவும்போல உள்ள வரும்."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள் மேரி. பஸ்ஸே கைதட்டியது. புருஷோத்தமன் விசிலை வாயில் வைத்தார்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை வந்து மேலாளரின் சட்டையைப் பிடித்தது. பச்சையம்மாள்.

"இன்னா நைனா, என்ன வுட்டுட்டியே."

"பரவாயில்லம்மா. அதான் பஸ் கெடச்சிடுச்சே."

"அது கெடைக்கட்டும். நானு கீறேன் இங்க. என்ன எண்ணு."

மேலாளர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். தாளில் நாற்பத்தொன்றை அடித்துவிட்டு நாற்பத்திரண்டு என்று எழுதிக் காட்டிய பிறகுதான் அவள் சட்டையை விட்டாள்.