மெஷின் ஓடாத ஆயுத பூஜை

1995-ம் வருடம், மைசூர், ஆயுத பூஜை நாள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் காலை பதினோரு மணி இருக்கும். இது நடந்து நாலு வருடம் ஆகிவிட்டது. இதை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு முறை எழுந்து போய், கூடத்தில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருக்கும் என் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண் அவள். அப்போது ஆறு வயது. நான் கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிற அப்பா. எங்கள் வீட்டில் அரிவாள்மனை அலமாரியின் உச்சியில்தான் இருக்கும். அடுப்பில் இட்லிப் பானை ஏறிவிட்டால் சமையலறை வாசலில் ஸ்டூலைக் குறுக்கே போட்டுவிடுவேன். "நான் உள்ள போறதுக்கும் உங்ககிட்ட கேட் பாஸ் வாங்கணுமா?" என்று என் மனைவி கேட்பாள். தசரா பொருட்காட்சிக்குப் போனால் மகளுக்குப் பஞ்சுமிட்டாய் உண்டு, ராட்டினம் கிடையாது. இப்படிப்பட்ட நான்தான் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டி.வி., ரேடியோ மாதிரியான சாதனங்களுக்குள் பச்சை நிறத்தில் ஒரு அட்டை இருக்குமே, அதன் மேல் சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்துவது எங்கள் மெஷின். ஒவ்வொரு பாகமும் அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அவை காகித நாடாவில் குழி குழியாக உட்கார்ந்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி, சினிமா ரீல் மாதிரி சுற்றி வரும். அந்த ரீலை ஃபீடர் என்கிற இரும்புச் சட்டத்தில் மாட்டி, நாடாவின் நுனியை அதன் பல்சக்கரத்தில் கோத்து, பிளாஸ்டிக்கை உரித்து விட்டு, மெஷினின் மேடையில் செருக வேண்டும். அப்படி அறுபது ஃபீடர்கள் வரிசையாக நிற்கும். மெஷின் ஓடும்போது அந்த மேடை மொத்தமும் இடமும் வலமுமாகப் பாயும். நடுவில் ஒரு தலை சுழன்று சுழன்று, வேண்டிய பாகத்தை உறிஞ்சி எடுத்து அட்டையில் வைக்கும். எந்த ஃபீடர் எப்போது எந்தப் பக்கம் போனது என்று கண்ணால் தொடர முடியாது. அவ்வளவு வேகம்.

அதனால்தான் மேலே கெட்டியான ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் விடுபட்டு, மெஷின் நின்றுவிடும்.

ஷிஃப்டில் என்னோடு வேலை பார்த்தது, கொள்ளேகாலம் தாண்டித் தமிழர்கள் வாழும் மார்டள்ளிப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். ரீல் தீர்ந்து புதிது மாட்டும்போது ஒருவர் அதன் மேல் உள்ள நம்பரைப் படிக்க வேண்டும், மற்றவர் பட்டியலைப் பார்த்து டிக் போட வேண்டும். அது விதி. பதினைந்து வருட அனுபவத்தில் நான் ரீலைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அவள் விடமாட்டாள். "நம்பரைப் படிங்ணா" என்பாள். படித்தால், "இன்னொருக்கா" என்பாள். கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதமும் நகராத ஆபீஸ் மாதிரி இருக்கிறாளே என்று அவளுக்கு நான் 'கவர்மென்ட்' என்று பட்டப் பெயர் வைத்திருந்தேன். லைன் முழுக்க அது பரவிவிட்டது. அவள் முகம் கோணியதில்லை, சிரித்ததும் இல்லை.

ஆயுத பூஜையன்று எங்கள் தொழிற்சாலைக்குக் குடும்பத்தை அழைத்து வரலாம். வருடத்தில் அந்த ஒரு நாள்தான். வாசலில் வாழை மரம் கட்டி, ஒவ்வொரு மெஷினுக்கும் விபூதி, குங்குமம், செவ்வந்திச் சரம் எல்லாம் ஆகும். பூசணிக்காய் உடைத்ததும் காகிதப் பையில் பொரிகடலை, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் இனிப்பு. பெண்டாட்டி பிள்ளைகளெல்லாம் புதுத் துணியோடு வந்து, நாங்கள் நாள் பூராவும் எதோடு மல்லுக்கட்டுகிறோம் என்று பார்ப்பார்கள்.

இதில் ஒரு சங்கடம். மூடி கருப்புக் கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே நடப்பது சரியாகத் தெரியாது. நம் முகம்தான் தெரியும். ஆகவே அந்த ஒரு நாளைக்கு மட்டும் மூடிக்கு அடியில் இருக்கும் சுவிட்சை அமுக்கி, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுவோம். மூடி திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். வெறும் அட்டையை விட்டு ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவோம். எல்லோரும் கை தட்டுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆகாததால் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த வருடம் டேப் சுற்றியது நான்.

பூஜை முடிந்தது. பத்திருபது பேர் எங்கள் மெஷினுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். மகளை, தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, என் மனைவி பக்கத்தில் நிற்க வைத்தேன். "கையை விடாதே" என்று மனைவியிடம் மூன்று முறை சொன்னேன். மூடியைத் தூக்கி நிறுத்தினேன். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன்.

மெஷின் 'பீப் பீப்' என்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில், காற்றழுத்தம் இல்லை என்று வந்தது. தலை பாகங்களை உறிஞ்சுவது, ஃபீடர் நாடாவைத் தள்ளுவது எல்லாமே காற்றால்தான். காற்று வராவிட்டால் மெஷின் நகரவே நகராது. கம்ப்ரஸரை இப்போதுதானே போட்டிருப்பார்கள், அழுத்தம் ஏறட்டும் என்று ஒரு நிமிடம் நின்றேன். மறுபடி அமுக்கினேன். மறுபடி பீப் பீப்.

ஸ்டோரில் வேலை பார்க்கும் கன்னடக்காரர் ஒருவர் பொரியை மென்றுகொண்டே, "ஏன் சுவாமி, மெஷினுக்கும் ஹப்பத்துக்கு ரஜாவா?" என்றார். பண்டிகை லீவாம் மெஷினுக்கு. எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மூன்றாவது முறையும் அமுக்கினேன். அதே கதைதான்.

காற்றுக் குழாய் மெஷினுக்குப் பின்னால் வருகிறது. விடுவிடுவென்று அங்கே போனேன். மார்டள்ளிப் பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பொரிப் பொட்டலம், இன்னொரு கை வால்வின் மேல். வால்வு மூடியிருந்தது.

"யாரும்மா மூடினது?"

"நான்தானுங்ணா."

"உனக்கென்ன பைத்தியமா? அத்தனை பேர் முன்னாடி நான் அசடு வழிஞ்சுக்கிட்டு நிக்கறேன். திற!"

"சுவிட்சுல டேப்பு சுத்தியிருக்குதுங்ணா. காலைல பூச்சரம் கட்டறப்பப் பாத்தேன்."

"தெரிஞ்சுதான் சுத்தியிருக்கேன். எங்கிட்டச் சொல்லாம வால்வை மூட நீ யாரு?"

"சொன்னாக் கேப்பீங்களா? போன வருசம் சொன்னனே. 'கவர்மென்ட் ஆர்டரா?'ன்னு கேட்டுப்போட்டுப் போனீங்க. எல்லாருஞ் சிரிச்சாங்க."

 பதில் இல்லாதபோது வருகிற கோபம் பொல்லாதது. பண்டிகை நாளில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன். இங்கே எழுதக் கூசுகிறது. மெஷினுக்கு முன்னால் இருந்தவர்கள் காதிலும் அது விழுந்திருக்கும். அவள் முகம் சுருங்கியது. ஆனால் கை வால்வை விட்டு நகரவில்லை.

"தெறக்கறனுங்ணா. நீங்க போயி மொதல்ல மூடியைச் சாத்துங்க. சாத்துன சத்தம் கேட்டாத்தான் தெறப்பேன்."

பிடுங்கித் திறந்திருப்பேன். அவ்வளவு ஆத்திரம். ஆனால் ஒரு பெண்பிள்ளையின் கையைத் தள்ளிவிட்டு எப்படித் திறப்பது? சாத்தித் தொலைக்கிறேன் என்று முன்பக்கம் வந்தேன். படாரென்று அடித்துச் சாத்துவதற்காக இரண்டு கையாலும் மூடியைப் பிடித்தேன். அது பெரிய மூடி. இறக்க வேண்டுமானால் குனிந்து உள்ளே பார்த்துத்தான் ஆக வேண்டும்.

குனிந்தேன்.

மேடையின் இடது கோடியில் ஒரு சின்னக் கை இருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. ஃபீடர்களுக்கு நடுவில் மணிக்கட்டு வரை போயிருந்தது.

மெஷினின் அந்தக் கோடியில் திரை வைத்த பெட்டி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நானும் கூட்டமும் நின்ற பட்டன் பக்கத்திலிருந்து, அதற்கு அப்பால் ஆறு வயதுக் குழந்தை நிற்பது தெரியாது. என் மனைவிக்கு யாரோ பொரிப் பை நீட்டியிருக்கிறார்கள், அதை வாங்கக் கையை விட்டிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. அவளை நான் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. டேப் சுற்றியவன் கேட்க என்ன இருக்கிறது?

"கண்ணு, கையை எடு" என்றேன்.  

மகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "இரு, இன்னும் நாலு பாக்கி இதெப்பா" என்றாள். 'இருக்கு' என்பது 'இதெ' ஆகிவிடும், பள்ளிக்கூடத்துக் கன்னடம் அவள் தமிழில் எப்போதும் கலந்திருக்கும். என்ன நாலு பாக்கி என்று அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய இன்னொரு கையில் நாலு செவ்வந்திப் பூக்கள். ஃபீடர் வரிசையில் அவள் கை எட்டிய வரை ஒன்று விடாமல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மஞ்சள் பூ. பெரிய மெஷினுக்கு மட்டும் பூ வைத்திருக்கிறார்கள், உள்ளே இருக்கிற இந்தக் குட்டிகளுக்கு யாரும் வைக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

மூடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அவளை மறு கையால் வாரி இழுத்தேன். வளையல் ஒன்று உடைந்தது. அவள் அழ ஆரம்பித்தாள்.

"எப்பம்மா இங்க வந்த?"

"மெஷின் பீப் பீப்னு கத்துச்சுல்ல, அதுக்கு முன்னாடியே வந்துட்டேன்" என்றாள் தேம்பிக்கொண்டே. "மொதல் தடவை கத்துனப்ப பயந்துட்டேன். அப்புறம் பயமில்ல."

நான் அமுக்கிய மூன்று முறையும் அவள் கை உள்ளே இருந்திருக்கிறது.

 மெஷினின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள். நான் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.  ஸ்டோர்காரர்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மூடிய சத்தம் கேட்கவில்லையே என்று மார்டள்ளிப் பெண் பின்பக்கமிருந்து வந்தாள். குழந்தை அங்கே இருந்தது அவளுக்கும் அதுவரை தெரியாது. ஃபீடர்களின் மேல் இருந்த பூக்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.  மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சாமணம் என்கிற சின்ன இடுக்கியை எடுத்து ஒவ்வொரு பூவாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள். இதழ் ஒன்று சிக்கினாலும் நாடா நகராது இல்லையா? வேலை செய்யும் கைக்கு அந்த நேரத்திலும் அந்த நினைப்பு. பதினேழு பூ இருந்தது. எடுத்து முடித்ததும் அத்தனையையும் என் மகளின் பாவாடையில் போட்டு, "உங்கப்பனுக்கு வெய்யி சாமி. அவருக்குத்தான் இன்னிக்குப் பூச போடோணும்" என்றாள். அழுதுகொண்டிருந்த குழந்தை சிரித்துவிட்டது. நான் அழுதேன்.

டேப்பை நானே உரித்தேன்.  பிறகு சூப்பர்வைசரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். அதற்குப் பிறகு யாரும் சுவிட்சில் கை வைக்கவில்லை. இப்போதெல்லாம் மூடியைச் சாத்தியபடியே ஓட்டுகிறோம், ஒருவர் பக்கவாட்டில் டார்ச் அடிக்கிறார். போன வருடம் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலப்பா" என்றாள். தெரியாமலே இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் ஜம்பு சவாரி என்கிற தசரா ஊர்வலத்துக்கு யானை பார்க்க நாங்கள் போகவில்லை. வீட்டிலேயே இருந்தோம். அவள் தூங்கும்போது விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எண்ணினேன்.

விடுமுறை முடிந்து ஷிஃப்டுக்குப் போனபோது அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "அன்னிக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன். அவள் புது ரீல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அதை உடுங்ணா. அளுகற ஆம்பளைகிட்ட நான் என்னத்தப் பேச? நம்பரைப் படிங்க" என்றாள். படித்தேன். அவள் கேட்பதற்கு முன்பே இன்னொரு முறையும் படித்தேன். அப்போதுதான் முதல் முறையாக அவள் சிரித்துப் பார்த்தேன்.

கத்தி, நெருப்பு, ராட்டினம் என்று என் பெண்ணைச் சுற்றி நான் போட்டு வைத்த காவலெல்லாம் எனக்குத் தெரிந்த ஆபத்துகளுக்குத்தான். என் கையாலேயே வர இருந்த ஆபத்தை, என்னிடம் ஏச்சு வாங்குவோம் என்று தெரிந்தே ஒரு வால்வை மூடிவிட்டுப் பக்கத்தில் நின்ற ஒருத்தி தடுத்தாள் என்பதை நினைக்காமல், கூடத்தில் என் மகள் பென்சில் பிடித்து எழுதுவதை இன்றுவரை என்னால் பார்க்க முடிவதில்லை.