பீப்பாய்க்குள் பாடியவன்

தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்துகொண்டே நாங்கள் மூன்று பேர் ஒரு ப்ராக்ரெசிவ் ராக் ஆல்பம் போட்டோம். சிரிக்காதீர்கள். ஒரே பாட்டு இருபத்திரண்டு நிமிஷம். ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில் வாசித்தோம். பாதியிலேயே பந்தி போட்டுவிட்டார்கள்.

பாடியவன் என் தோஸ்த். தோல் சுற்றுகிற பெரிய மரப் பீப்பாய் காலியாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் இறங்கிப் பாடினான். அந்தக் கார்வை எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காது. எங்கள் வேலையில் பீப்பாயிலோ தொட்டியிலோ ஒருவன் இறங்கினால், வெளியே நிற்பவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விஷவாயு இருக்கும், பதில் வராவிட்டால் வெளியே இழுக்க வேண்டும். பாட்டு நடுவில் பழக்கதோஷத்தில், "இருக்கியாடா?" என்று கத்திவிட்டேன். "இருக்கேன்" என்றான். பிறகு பதிவிலிருந்து என் சத்தத்தை மட்டும் வெட்டினேன். அவன் பதில் கீபோர்டு சத்தத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது, யார் காதிலும் விழவில்லை.

அச்சான சிடிகளை வாங்க நான் பெங்களூர் போன அன்று, அவன் கழிவுத்தொட்டியில் இறங்கினான். வெளியே நின்றது புது ஆள். கூப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. சொல்லிவிட்டுப் போக வேண்டியவன் நான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். என் தோஸ்த் உயிரோடு மேலே வரவில்லை. அந்தப் பாவம் என் தலையில்தான்.

இந்த வருஷம் ஒரு இசைக் கம்பெனி அந்த ஆல்பத்தை இசைத்தட்டாக மறுபடி வெளியிடக் கேட்டது. பதிவைச் சுத்தம் செய்த இன்ஜினியர் போன் செய்தார். "சார், ஒன்பதாவது நிமிஷத்துல யாரோ 'இருக்கேன்'னு சொல்றாங்க. எடுத்துடட்டுமா?"

கேட்டேன். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அந்த அறையில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவன் மனைவி சம்மதிக்காமல் எதுவும் செய்ய முடியாது. அவள் இருக்கும் மாதனூருக்குப் போனேன். ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். அதே இடத்தை மூன்று தடவை போடச் சொன்னாள்.

"இன்னாண்ணா இது? யாருமே கூப்டல, அவரு பாட்டுக்குப் பதில் சொல்றாரு?"

இத்தனை வருஷம் விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னேன். வெட்டியதை, ரயிலை, புது ஆளை, எல்லாவற்றையும். அவள் அழவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"எடுக்க வேணாம். இப்ப நீங்க கூப்டுங்க. அவரு சும்மா சும்மா பதில் சொல்லிக்கினு இருக்க வேணாம்."

தன் செல்போனில் ரெக்கார்டை அழுத்தி என் வாயருகே நீட்டினாள். நான் தலையைப் பின்னுக்கு இழுத்தேன்.

"கூப்டுங்கண்ணா!" என்று அதட்டினாள்.

கூப்பிட்டேன். பிறகு இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் பதிலுக்குக் காத்திருந்தோம்.