எட்சே அளந்த அறுபது வாட்

எட்சேயிடம் வயரிங் வேலை கொடுத்த எங்கள் அன்லோகா ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அவன் பையைத் திறந்தால் ஸ்க்ரூடிரைவருக்கு முன்னால் ஒரு மரப்பொம்மை வெளியே வரும். அதை மீட்டர் பலகைமேல் நிற்கவைத்து, "கை வைக்கட்டுமாண்ணே?" என்று கேட்ட பிறகுதான் கம்பியைத் தொடுவான். மதியம் அக்ப்ளே களியில் முதல் உருண்டையும் பொம்மைக்குத்தான். இரட்டையரில் ஒருவர் இறந்தால் மற்றவர் இப்படியொரு பொம்மை செதுக்கிப் பேணுவது எங்கள் எவே இனத்து வழக்கம். அதைச் செய்யவே மாட்டேன் என்று எட்சே ஒரு மாதம் அடம்பிடித்தான். அந்த அடம் உடைந்த பிற்பகல் நானும் அவன் வீட்டு முற்றத்தில் இருந்தேன். என் கதைகளில் பாதியைக் கழித்துக்கொள்ளச் சொல்வாள் என் மருமகள். கழித்துக்கொள்ளுங்கள், எண்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மூத்தவன் அட்சு ஒரு விடியலில் கடலுக்குப் போனான். படகு திரும்பியது, அவன் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அவன் மனைவி யாவா அவனுடைய அறையைப் பூட்டிச் சாவியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். வீட்டுக்குப் பெரியவரான அக்பெகோ, சாவுச் சடங்கை முடித்துவிட வேண்டும் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வருவார், பொறுங்கள் என்பாள் யாவா. தம்பி எட்சே அண்ணியின் பக்கம்.

அப்போதுதான் கரண்ட் மீட்டர் வம்பு செய்தது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தாலும் அதன் சக்கரம் சுற்றியது.

"உள்ள உக்காந்து கரண்டத் திங்கிறான்," என்றார் அக்பெகோ. "கரை சேக்காம விட்டா செத்தவன் வேற என்னடா செய்வான்?"

"எங்கியாவது கரண்ட் ஒழுக்கா இருக்கும் பெரியப்பா. பாத்துச் சொல்றேன். ஒழுக்குன்னா சடங்குப் பேச்சை விட்டுடணும்."

"ஒழுக்கு இல்லேன்னா இன்னிக்கே கதவ ஒடைப்பேன்."

எட்சே மெயினை அணைத்துவிட்டு, அந்த அறைக்குப் போகும் கம்பிகளில் மல்டிமீட்டரை வைத்தான். அறுபத்தாறு ஓம். சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் எழுதினான். இருநூற்று முப்பது வோல்ட்டை அதால் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். மறுபடி வோல்ட்டால் பெருக்கினால் எண்ணூறு வாட். பென்சில் அப்படியே நின்றது.

"என்னடா ஆச்சு, கணக்கு மறந்துபோச்சா?" என்றார் அக்பெகோ.

"எண்ணூறு வாட். இஸ்திரிப் பெட்டி."

பூட்டிய அறைக்குள் ஒரு மாதமாக இஸ்திரி. அட்சு சட்டைப் பைத்தியம். மீன்பிடிக்கப் போனாலும் மடிப்புக் கலையாமல் போவான். நான் என் முக்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அக்பெகோ கடப்பாரை கேட்டார்.

"இருங்க," என்றான் எட்சே. "கம்பி தூங்கறப்ப அளந்தேன். முழிச்சிருக்கறப்ப அளக்கறேன்."

மெயினைப் போட்டு வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்தான். வோல்ட் அதே இருநூற்று முப்பது. ஆம்பியர் வெறும் கால், அதற்கு மேல் ஒரு துளி. பெருக்கினால் அறுபது வாட். வகுத்தால் எண்ணூற்று எண்பத்தைந்து ஓம். அணைந்திருக்கையில் அறுபத்தாறாக இருந்தது, சூடேறியதும் பதின்மூன்று மடங்குக்கு மேல் தடை காட்டுகிறது. அப்படி மாறக்கூடியது குண்டு பல்பின் இழைதான்.

"அண்ணி, உள்ள பல்பு எரியுதா?"

யாவா கதவுக்கு அடியில் செருகிவைத்திருந்த துணியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். "வெளக்க அணைக்காமப் போனா என்னைத் திட்டுவார். அன்னிக்கு அவரே மறந்துட்டுப் போயிட்டார். அணைக்க வருவார்ல? அவர் போட்ட வெளக்கு. யாரும் தொடக்கூடாது."

"சரியாப் போச்சு," என்றார் அக்பெகோ. "இதுக்கா ஊரே பயந்துச்சு?"

எட்சே சிரிக்க வாயெடுத்தான். கண் மல்டிமீட்டரில் இருந்தது. கால் ஆம்பியர் சுழியமாகிவிட்டது. மெயின் போட்டபடியே இருந்தது. வீட்டு மீட்டரின் சக்கரம் மெல்ல நின்றது.

"இழை அறுந்துடுச்சு. மெயின அணைச்சுப் போட்டேன்ல, அந்த வேகம் தாங்கல. மன்னிச்சுடுங்க அண்ணி."

யாவா இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியை அவனிடம் நீட்டினாள். "வேற பல்பு மாட்டக் கூடாது. சும்மா பாரு."

ஜன்னல் உள்ளிருந்து தாழிட்டிருந்தது. தரையில் ஒரு மாதத்துத் தூசி, அதில் காலடி இல்லை. எட்சே பல்பைக் கழற்றினான். இன்னும் கை சுட்டது. ஆறட்டும் என்று காத்திருந்து அளந்தான். அறுபத்தாறு ஓம்.

"இழை அறுந்தா முள்ளே அசையாது," என்றான், தனக்குத்தானே. "இது முழுசா இருக்கு."

அப்போதுதான் நாங்கள் மூவரும் கதவருகே சுவரைப் பார்த்தோம். சுவிட்ச் அணைந்திருந்தது.

கடப்பாரையை அக்பெகோ சத்தமில்லாமல் தரையில் வைத்தார். யாவா உள்ளே வந்தாள். சுவிட்சின்மேல் உள்ளங்கையை வைத்து, "வந்துட்டுப் போயிட்டார்," என்றாள். அழவில்லை. "பெரியவரே, நாளக்கிச் சடங்கு வைங்க."

எட்சே பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மரம் தேடிப் போனான்.

அந்தப் பொம்மையின் முகம் அட்சுவைப்போல இல்லை, எட்சேயைப்போலவும் இல்லை. அவனுக்குச் செதுக்க வராது. வேலை முடிந்து எந்த வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் கடைசி விளக்கை அவன் அணைப்பதில்லை. பொம்மையைப் பையில் வைத்துக்கொண்டே, "அது உன் வேலைண்ணே," என்று சொல்லி வாசலில் சற்று நிற்பான். பெரும்பாலும் வீட்டுக்காரர்களே எழுந்துபோய் அணைத்துவிடுகிறார்கள். என் வீட்டில் நான் எழுந்திருக்கவில்லை, விளக்கு மட்டும் அணைந்தது.