முயல் அழும் ஊதல்

சனிக்கிழமை விடிந்தால் ஆர்டிஸ் ரூட் வீட்டு முற்றத்தில் கேலனின் பழைய பிக்கப் வண்டி வந்து நிற்கும். அவள் புருஷன் ஹில்மர் உயிரோடு இருந்தபோதும் நின்றது, அவன் போய் இரண்டு குளிர்காலம் ஆகியும் நிற்கிறது. கேலனும் வெர்லினும் இறங்குவார்கள். துப்பாக்கியை மாட்டிக்கொண்டு வடக்கு மேட்டுக்குப் போய்ப் பனியில் உட்கார்ந்து, அடிபட்ட முயல் அலறுவது போல ஊதலை ஊதி, கொயோட்டி வருமென்று காத்திருப்பார்கள். கொயோட்டி ஓநாய்க்குத் தம்பி, நரிக்கு அண்ணன். பசி ஓநாயுடையது, புத்தி நரியுடையது. எப்போதாவது ஒன்று வரும், சுடுவார்கள், படாது. மத்தியானம் ஆர்டிஸின் அடுப்படியில் பூட்ஸைக் கழற்றிப் போட்டு, மாவுருண்டை மிதக்கும் உருளைக்கிழங்கு சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, தப்பிப் போனதன் பெருமையைப் பேசுவார்கள்.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் அந்த மூலையில் இதெல்லாம் ஒரு வேலையா என்று யாரும் கேலி செய்வதில்லை. ஆடு வளர்க்கிற ஊரில் கொயோட்டியைச் சுட வருகிறவன் உதவிக்கு வருகிறவன்தான். புருஷனை இழந்தவள் தனியாக ஆட்டோடு மாரடிக்கிறாள், நாமாவது நாலைக் குறைத்துக் கொடுப்போம் என்று அவர்கள் நினைத்தார்கள். அதில் சூப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஆர்டிஸ் அறிவாள். சொல்லிக்காட்டியதில்லை.

அவளுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. காலையில் எழுந்து தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியைக் கோடரியால் உடைப்பாள். சினையாடுகளுக்கு வைக்கோல் பிரித்துப் போடுவாள். வேலியைப் பார்ப்பாள், பம்பைப் பார்ப்பாள், மறுபடியும் தொட்டி உறைந்திருக்கும். இரண்டு பேர் செய்த வேலையை ஒருத்தி செய்தால் உடம்பு என்ன ஆகும் என்று அவளைக் கேட்டால் போதும். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியைத் தூக்கவே அலுப்பாக இருக்கும்.

போன வசந்தத்தில் பிறந்த குட்டிகளில் நாலில் ஒன்றைக் கொயோட்டி தின்றது. மிச்சம் கிடந்ததை வாளியில் பொறுக்கிக்கொண்டு வந்து புதைத்தாள். இந்த வருஷமும் அப்படிப் போனால் மந்தையை விற்றுவிட்டு நகரத்தில் மகள் வீட்டுக் கீழறையில் போய் உட்கார வேண்டியதுதான். மகள் அன்பாகத்தான் கூப்பிடுகிறாள். அந்த அன்பை நினைத்தாலே ஆர்டிஸுக்கு மூச்சு முட்டியது.

பிப்ரவரியில், ஆடுகள் குட்டி போடச் சில வாரங்களே இருந்தபோது, கவுண்டி என்கிற மாவட்ட ஆபீஸ் சம்பளத்துக்கு வைத்திருக்கும் வேட்டைக்காரன் ராய்ஸ் வந்தான். கொயோட்டித் தொல்லை இருக்கிற பண்ணைகளுக்கெல்லாம் போகிறவன். மூன்று நாள் விடியலில் வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்து ஊதிப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் அடுப்படியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க எடத்துக் கொயோட்டியெல்லாம் காலேஜ் முடிச்சதுங்க."

"அப்படின்னா?"

"ஊதலைக் கேட்டா மத்த எடத்துல ஓடி வரும். இங்க வரதில்ல. தூரத்துலயே வளைச்சுப் போயி, காத்துல நம்ம வாடையைப் புடிச்சுட்டுத் திரும்பிடுது. யாரோ ஓயாம ஊதி ஊதிப் பழக்கிட்டாங்க. முயலும் கெடைக்கல, குண்டும் படலைன்னா அதுங்களுக்குப் புரியாதா?"

"இப்ப என்னப்பா செய்யறது?"

"யாரும் ஊதாம கொஞ்ச நாள் சும்மா விடுங்க. மறக்குதான்னு பார்ப்போம்."

யார் ஊதியது என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, சனிக்கிழமைதோறும் வண்டி வருகிறதே. ஆனால் பூனைக்கு மணி கட்டுவது யார்? ஹில்மரின் சவப்பெட்டியைத் தூக்கிய நாலு தோளில் இரண்டு இவர்களுடையது. ஒரு சனிக்கிழமை சொல்லாமலே போயிற்று. அடுத்த சனிக்கிழமை சூப்பு ஊற்றிக் கொடுத்துவிட்டு, உட்காராமல் சொன்னாள்.

"இனிமே இங்க ஊத வராதீங்க. நீங்க தப்பவிட்டதெல்லாம் படிச்சு முடிச்சுடுச்சாம். ராய்ஸ் சொல்றான்."

வெர்லின் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எல்லாருக்கும் மூத்தவர், இடுப்பு சரியில்லாதவர். கேலன் ஆர்டிஸோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பவன். அவன்தான் வாயைத் திறந்தான்.

"அதுங்க படிச்சதே படிச்சுது, எங்களுக்கு ஒரு வாத்தியார் சம்பளமாவது கொடுக்கலாம்ல?"

யாரும் சிரிக்கவில்லை. வெர்லின் பூட்ஸை மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "உனக்கு ஒத்தாசையா இருக்கும்னு வந்தோம்மா," என்றார் வாசலில். வண்டி போனது. சொன்னது சரிதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு கிண்ணங்களைக் கழுவினாள்.

அன்று சாயங்காலம், மற்ற சாயங்காலங்களைப் போலவே, ஆடுகளைக் கொட்டகைக்குள் அடைத்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாக நின்று, கோட்டுப் பையிலிருந்து ஹில்மரின் ஊதலை எடுத்தாள். விரல் நீள மர ஊதல், வாய் வைக்கும் இடம் அவன் பல் பட்டுத் தேய்ந்திருக்கும். மூன்று பேரில் நிஜ முயல் போல ஊதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். முப்பது வருஷம் அடுப்படியில் நின்றபடி மேட்டிலிருந்து வரும் அந்த முயல் அழுகையைக் கேட்டிருக்கிறாள். கேட்டால், அவன் இருக்கிறான், பசியோடு வருவான் என்று அர்த்தம். அவன் போன பிறகு ஒருநாள் அவளே ஊதிப் பார்த்தாள், அதே அழுகை வந்தது. அன்றிலிருந்து தினமும் நாலைந்து மூச்சு ஊதிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள். அவளைப் பொறுத்தவரை அது வேட்டையில்லை. ராய்ஸ் "யாரும் ஊதாம" என்றபோது தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கேலனின் வண்டி அவள் வாசலைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவளே சன்னலில் நின்று பார்த்தாள்.

புதுப்பனி விழுந்து நாலைந்து நாள் கழித்து ராய்ஸ் வந்தான். பனியில் தடம் பார்க்கச் சுற்றிப் போனவன், கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவளைக் கூப்பிட்டான். எதிரே சரிவில் ஒரு பந்து வீச்சுக்குச் சற்றுத் தள்ளி, பனி இரண்டு இடத்தில் வட்டமாக இறுகி, இளகி, மறுபடி உறைந்திருந்தது. பக்கம் பக்கமாக. இரண்டு வரிசைத் தடங்கள் சேர்ந்து வந்து, சேர்ந்து திரும்பியிருந்தன.

"ஆணும் பொண்ணும். இங்க வந்து உக்காருதுங்க. ஒரு நாள் இல்ல, பல நாள். இந்தப் பக்கமே பார்த்துட்டு." அவன் அவளைப் பார்த்தான். "இங்கேருந்து யாராச்சும் ஊதறாங்களாம்மா?"

ஆர்டிஸ் பையில் இருந்த கையை எடுத்தாள், கையில் ஊதல் இருந்தது. எய்தவள் தானிருக்க அம்பை நொந்திருக்கிறாள்.

"நான்தான். சும்மா ஊதுவேன். துப்பாக்கியெல்லாம் இல்ல."

ராய்ஸ் சிரிக்கவில்லை, அந்தமட்டுக்கும் நல்லவன். "இந்தச் சத்தத்தால ஆபத்து இல்லைன்னு கத்துக்கிச்சுங்க. கத்துக்கிட்டது நமக்கு நல்லதுதான். நாளைக்கும் இதே நேரம், இதே எடத்துல நில்லுங்க. வைக்கோல் போர் மேல துப்பாக்கியோட யாரையாச்சும் படுக்க வைங்க. நானே வந்திருப்பேன், ஆனா நாளைக்கு வேற பண்ணையில மாட்டிக்கிட்டேன். ஒண்ணு மட்டும் நினைப்புல வைங்க. முதல் குண்டு கேட்டதும் நிறுத்திடாதீங்க. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு கொஞ்சம் ஓடும். ஊதல் நிக்காம இருந்தா, ஜோடியைத் தேடித் திரும்பி வரும்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அன்று ராத்திரி சாப்பிடுவதற்கு முன் கேலனைப் போனில் கூப்பிட்டாள்.

"யாரு, எங்களை ஊரைவிட்டுத் தள்ளி வச்ச மகராசியா?"

"தப்பு உங்க மேல இல்ல கேலன். என் மேல." எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

கேலன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஹில்மரோட ஊதலா?"

"ஆமா."

"நாங்க பனியில உக்காந்து பின்பக்கம் மரத்துப் போச்சு, ஒண்ணு எட்டிப் பார்க்கல. நீ சும்மா ஊதுனதுக்குக் குடும்பத்தோட வந்து உக்காந்து கேட்டிருக்கு." பிறகு குரல் இறங்கியது. "சொல்லியிருந்தா நாங்களும் கேட்டிருப்போமே ஆர்டிஸ்."

"நாளைக்கு வரியா? வெர்லினையும் கூட்டிட்டு வா. சுடணும்."

"நானா? ஆட்டை நம்பி ஆத்துல இறங்கலாம், என் குறியை நம்பி இறங்காதே. ராய்ஸைக் கூப்பிடு."

"உன்னைத்தான் கூப்பிடறேன்."

மறுநாள் சாயங்காலம் கேலன் வைக்கோல் போர் மேல் குப்புறப் படுத்தான். ஏற முடியாத வெர்லின் அடியில் தொலைநோக்கியோடு நின்றார். ஆர்டிஸ் ஆடுகளை அடைத்து, தாழ்ப்பாள் போட்டு, வழக்கமான இடத்தில் நின்று ஊதினாள். காற்று லேசாக இருந்தது. சரிவில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு சாம்பல் உருவங்கள் இறங்கி வந்து, தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. அவள் இதுவரை நிமிர்ந்து பார்த்து ஊதியதே இல்லை. இத்தனை நாளும் யாருமில்லை என்று நினைத்து ஊதியதை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

குண்டு வெடித்தது. ஒன்று சாய்ந்தது. மற்றது மேட்டை நோக்கிப் பாய்ந்தது.

அவள் வாயிலிருந்து ஊதல் இறங்கிவிட்டது. இப்போது நிறுத்தினால் அது போய்விடும். போகட்டும் என்றுதான் மனசு சொன்னது, அதில் ஒளிவு மறைவு இல்லை. போய்விடு, திரும்பிப் பார்க்காதே. ஆனால் மனசு வாளியையும் நினைத்தது, வாளிக்குள் கிடந்ததையும் நினைத்தது. அவள் மறுபடி ஊதினாள். உதடு குளிரில் மரத்திருந்தது, சத்தம் உடைந்து வந்தது, நிஜமாகவே ஏதோ ஒன்று அழுவது போல வந்தது. ஹில்மரின் உடலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த அன்று, அவன் இல்லை என்று தெரிந்தும் அவன் நாற்காலிப் பக்கம் எத்தனை தடவை போய் வந்தாள். அந்த நினைப்போடும் ஊதினாள். மூச்சு இருக்கிற வரைக்கும், நிறுத்தாமல்.

இரண்டாவது குண்டு வெடித்தது.

கேலன் போரிலிருந்து இறங்கி வந்தான். தொப்பியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. வெர்லின் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார்.

"ரெண்டும் விழுந்துச்சு," என்றான் கேலன். "இந்த வருஷம் உன் குட்டிங்க பொழைச்சுக்கும்."

"ரெண்டாவது ஓடுச்சே."

"ஓடுச்சு. பாதி மேடு ஏறிடுச்சு. அப்புறம் இறங்கி வந்து அதும் பக்கத்துல நின்னு, மூக்கால தள்ளிப் பார்த்துச்சு. அசையவே இல்ல ஆர்டிஸ். இல்லேன்னா என் குறி எங்க படப்போவுது?"

ஆர்டிஸ் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் திரும்பித்தான் வந்திருப்பேன்," என்றாள்.

வெர்லின் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், மூவரும் வீட்டைப் பார்த்து மெதுவாக நடந்தார்கள்.