கம்ப்யூட்டர் கெட்ட வியாழக்கிழமை

“கம்ப்யூட்டர் கெட்டது. பாப்பா கை வைத்தது.”

தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், பெரியப்பாவின் கையெழுத்தில், நீல மையில் இவ்வளவுதான் இருக்கிறது. முன்பக்கத்தில் ஜூன் மாதமும் வியாழக்கிழமையும் தெளிவாக உள்ளன. தேதியில் ஒன்று என்ற முதல் இலக்கம் மட்டும் மிஞ்ச, அடுத்ததைப் பூச்சி அரித்துவிட்டது. நாற்று விட்ட நாள், பசு கன்று ஈன்ற நாள் என்று எல்லாவற்றையும் கிழித்த தாளின் பின்னால் எழுதிக் கம்பியில் குத்தி வைப்பது அவர் வழக்கம். பத்தாம் வகுப்பு முடித்திருந்த நான், வீட்டில் “பாப்பா”, அப்படி ஒரு தாளில்தான் குற்றவாளியாகப் பதிவானேன்.

அந்தக் காலையை நினைத்தால் இன்றும் முதலில் வருவது நாற்றம்தான். கருவாட்டைத் தணலில் போட்டு மறந்துவிட்டது போன்ற வீச்சம். “அடுப்புல ஒண்ணுமே வைக்கலையே, எங்க கருகுது?” என்று அம்மா கொல்லையிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருந்த எங்கள் ஓட்டு வீட்டுக்கு, மஸ்கட்டில் வேலை பார்த்த அப்பா விடுமுறையில் வந்தபோது சுமந்து வந்த கம்ப்யூட்டர் அது. மாலையெல்லாம் அது அண்ணனுடையது. அதில் அவன் பைக் பந்தயம் ஓட்டினான். காலையில், அவன் தூங்கி எழுவதற்குள், எனக்கு. நான் அதில் ஊர்க்கோயில் திருவிழாக்களையும் ஆற்றில் தண்ணீர் வந்த நாட்களையும் தேதிவாரியாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

அன்று பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினேன், அதே முனகல். மூன்றாம் முறை “டப்” என்றது. தலைக்கு மேல் குண்டு பல்பு பழுத்த எலுமிச்சை நிறத்தில் மங்கி எரிந்ததும், மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம் போலச் சுழன்றதும் எனக்கு நினைவிருக்கிறது. அதை அப்போது யாரும் கேட்கவில்லை; சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

“பொம்பளப்புள்ளைக்கு அதுல என்ன நோண்ட வேண்டியிருக்கு?” என்றார் பெரியப்பா.

“நான் ஆடுறப்ப ஒரு நாளும் படுத்துக்கலையே, இவ கை ராசி அப்படி,” என்று அண்ணன் படுக்கையிலிருந்தே தீர்ப்பை வழிமொழிந்தான்.

வயல் மோட்டாரில் காயில் கம்பி எரிந்தால் அந்த மணிநேரமே அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு டவுனுக்கு ஓடும் குடும்பம் அது. கம்ப்யூட்டருக்கு ஒரு மெக்கானிக்கைக் கூட அழைக்கவில்லை. யார் கெடுத்தது என்று தெரிந்துவிட்டதால், எது கெட்டது என்று பார்ப்பது தேவையில்லாமல் போனது. யூரியா சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினார்கள். சில நாள் கழித்துப் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு, அப்பா ஊரில் இல்லாததால், பெரியப்பாதான் வந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுக்கான மதிப்பெண் என்னிடம் இருந்தது. “வீட்டுல இருந்த மிஷினையே பொசுக்கிட்டா சார். ஹிஸ்டரி குரூப் போடுங்க, அது போதும்,” என்றார். ஆசிரியர் சிரித்துக்கொண்டே போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வரலாறு எனக்குப் பிடித்துப்போனது வேறு விஷயம். பிடித்துப்போனதால் நடந்தது நியாயமாகிவிடாது.

இந்த ஆண்டு அந்த ஓட்டு வீட்டை இடித்தபோது, சாக்கோடு பெட்டியைத் தஞ்சாவூரிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலண்டர் தாள்கள் குத்திய கம்பியும் உடன் வந்தது. மெடிக்கல் காலேஜுக்குக் கண் காட்ட வந்து எங்களோடு தங்கியிருந்த பெரியப்பா, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தூசி தட்டினேன். ரேம் கார்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன், அசையவில்லை. ஹார்டு டிஸ்கின் இணைப்பைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்தேன். உள்ளே, மின்சாரத்தைத் தேக்கித் தரும் கண்டன்சர் ஒன்று தலை வீங்கி, வெடித்துக் காய்ந்திருந்தது. வேறு எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். விசிறி நிற்காமல் ஓடியது. திரை வெளுத்து, இன்றைய தேதியைச் சொல் என்று என்னிடம் கேட்டது.

கை வைத்ததால் அது கெடவில்லை. அந்த ஜூனில் மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை நாற்றங்காலுக்கு போர்வெல் தண்ணீர்தான். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். வராத நேரத்திலும் மோட்டாருக்கென்று ஒரு கண்டன்சர் போட்டு ஒரு முனையிலேயே அதை ஓட்டுவது எங்கள் பக்கத்தில் யாரும் தப்பாக நினைக்காத காரியம். ஓடினால் தெருவிலுள்ள பல்பெல்லாம் மங்கும். நிறுத்தினால் மின்சாரம் துள்ளும்; அந்தத் துள்ளலில் எஸ்.எம்.பி.எஸ். பொசுங்கலாம். பெரியப்பா ஓட்டுவது காலையில்தான். அண்ணனின் மாலைகளில் மோட்டார் ஓய்ந்திருக்கும்.

“பெரியப்பா, அன்னைக்குக் காலையில மோட்டார் ஓடுச்சா?”

“ஏன், கேஸு போடப் போறியா?”

“ஓடுச்சா இல்லையா, சொல்லுங்க.”

“நாத்தைக் காய விட முடியுமா பாப்பா?” என்றார். பிறகு ஓடும் திரையைக் கூர்ந்து பார்த்து, “நல்லாத்தானே இருக்கு. கெட்டே போவல. இதுக்கா அன்னைக்கு அந்த அழுவ அழுத?” என்றார்.

நான் கம்பியிலிருந்து அந்தத் தாளை உருவினேன். பதில் சொல்லத் தொடங்கியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

இப்போது அந்த வீடு இல்லை. மோட்டார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நாற்றங்கால் இருந்த இடத்தில் மனைக்கற்கள் நிற்கின்றன. நாற்பது வயதைக் கடந்த என்னை அண்ணன் பிள்ளைகள் இன்னமும் “கம்ப்யூட்டரைக் கொளுத்துன அத்தை” என்றுதான் கேலி செய்கிறார்கள். தாளின் பின்பக்கத்தில், பெரியப்பாவின் வரிக்குக் கீழே, “பழுது: எஸ்.எம்.பி.எஸ்.” என்று இன்றைய தேதியிட்டு எழுதி அதே கம்பியில் குத்தினேன். அடுத்து “காரணம்:” என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டேன். கண்டன்சர் பழசானாலும் தானாக வீங்கும். முதல் நாள் மழை பெய்திருந்தால் மோட்டார் போட்டிருக்க மாட்டார்கள்; தேதியைப் பூச்சி அரித்துவிட்டதால் மழைக் கணக்கைப் பார்க்கவும் வழியில்லை. அந்த வியாழக்கிழமை காலையில் மோட்டார் ஓடியதா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.